சமைக்க வசதியில்லாத அறையில் உப்பைக் குறைப்பது எப்படி?

"நான் உப்புப் போடுறதே இல்ல மனே" என்று பெரியம்மா சொன்னபோது அவருடைய கிளினிக் கொப்பி என் கையில் இருந்தது. கடைசி வரியில் பிரஷர் 170/95 என்று எழுதியிருந்தது, அதற்கு முந்தைய மாதமும் ஏறக்குறைய அதேதான். உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று கிளினிக்கில் என்னிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள், சொன்ன குரலில் கொஞ்சம் சலிப்பும் இருந்தது. நான் பெரியம்மாவின் அலுமாரியைத் திறந்து உப்புப் பக்கற்றை எடுத்துப் பார்த்தேன். 400 கிராம் பக்கற், வாயை மடித்து றப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார், ஈரத்தில் கல்லாக இறுகி, முக்கால்வாசிக்கு மேல் அப்படியே கிடந்தது. எப்போது வாங்கினது என்று கேட்டேன். "போன சித்திரைக்கு முன்ன" என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மார்கழியில்.

அவர் பொய் சொல்லவில்லை. கரண்டியால் அவர் உப்புப் போடவே இல்லை, ஏனென்றால் அவர் சமைக்கவே இல்லை.

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் பெரியம்மா தனியே இருக்கிறார். வயது 74. பெரியப்பா போய் ஆறு வருடமாகிறது, பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். அறையில் காஸ் அடுப்பு வைக்க வீட்டுக்காரருக்கு விருப்பமில்லை, விட்டாலும் பெரியம்மா தொடமாட்டார், 2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் அடுப்புகள் வெடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பயந்தவர் இன்னும் அந்தப் பயத்திலிருந்து வெளியே வரவில்லை. அவரிடம் இருப்பது ஒரு சின்ன ரைஸ் குக்கர், ஒரு மின்சாரக் கேத்தல், ஒரு கத்தி, சில பீங்கான்கள். குளிர்சாதனப் பெட்டி கிடையாது. முழங்கால் மடங்காததால் திருவலையில் குந்தித் தேங்காய் திருவ ஏலாது, வலது கை கொஞ்சம் நடுங்கும். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் எனக்குத் தெரிந்த இன்னும் சில வயதானவர்கள் கிட்டத்தட்ட இதே நிலையில்தான் இருக்கிறார்கள், ஒருவருக்கு ரைஸ் குக்கருக்குப் பதில் மண்ணெண்ணெய் அடுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

சமைக்கிற வசதி குறையக் குறையச் சாப்பாட்டில் உப்புக் கூடும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். உப்பைக் குறையுங்கள் என்று சொல்லும்போது, அடுப்படியில் நின்று கரண்டியால் உப்புப் போடுகிற ஒரு ஆளை மனதில் வைத்துத்தான் சொல்கிறோம். அடுப்படியே இல்லாதவருக்கு உப்பு வேறு வழிகளால் வருகிறது, பாணில், பக்கற்றில், பார்சலில், டின்னில், ஏற்கனவே கலந்து வருகிறது. அவரால் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

பெரியம்மாவின் ஒரு நாளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். காலையில் கால் றாத்தல் பாண், மேலே மாஜரின். மதியம் கடையில் சோற்றுப் பார்சல். பின்னேரம் தேநீரோடு நாலு கிறீம் கிறாக்கர். இரவில் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றி ஊறவைத்த நூடுல்ஸ். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, தேக்கரண்டியால் தட்டையாக அளந்தால் ஒரு கரண்டிக்குச் சற்றுக் குறைவு, சோடியமாகச் சொன்னால் 2,000 மிலிகிராம். இப்போது கணக்கைப் பாருங்கள். பாணில் பொதுவாக 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கு மேல் உப்பு இருக்கும், கால் றாத்தல் என்றால் 110 கிராம் அளவு. நாலு கிறாக்கரில் அரைக் கிராம் கிட்ட. ஒரு பக்கற் நூடுல்சில், கூட வரும் தூளையும் சேர்த்தால், 2 முதல் 4 கிராம். மதியப் பார்சலைக் கணக்கில் எடுக்காமலே ஏறக்குறைய 5 கிராமைத் தொட்டாயிற்று. அந்தப் பார்சலில் கருவாட்டுப் பொரியல் இருக்கும், அப்பளம் இருக்கும், கறி ஒவ்வொன்றிலும் கடைக்காரர் தன் வாய்க்கு ஏற்றபடி உப்புப் போட்டிருப்பார். பெரியம்மாவின் உப்புப் பக்கற் குறையாததில் என்ன ஆச்சரியம்?

உப்பு உடம்பில் என்ன செய்கிறது என்பதை நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். சோடியம் தன்னோடு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தக் குழாய்களுக்குள் ஓடும் அளவு கூடும், அமுக்கமும் கூடும். இளவயதில் குழாய்கள் நெகிழும், சிறுநீரகம் மிஞ்சியதை வேகமாக வெளியேற்றும். வயது போகப் போகக் குழாய் இறுகுகிறது, சிறுநீரகம் மெதுவாகிறது, அதனால் அதே அளவு உப்பு எழுபதில் கூடுதலாக உறைக்கிறது. இதயம் பலவீனமானவருக்குக் கால் வீங்கும், மூச்சு முட்டும். 2001-ல் அமெரிக்காவில் 412 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், உப்பைப் படிப்படியாகக் குறைத்தபோது பிரஷரும் படிப்படியாக இறங்கியது. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு விஷயம். அந்த 412 பேருக்கும் சாப்பாட்டை ஆய்வு நடத்தியவர்களே கொடுத்தார்கள். குறைத்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை, குறைந்த உப்புள்ள சாப்பாடு கையில் கொடுக்கப்பட்டது. என் பெரியம்மாவுக்கு யார் கொடுப்பது? அந்தக் கேள்வியிலிருந்துதான் நாங்கள் ரைஸ் குக்கருக்கு வந்தோம்.

ரைஸ் குக்கரைச் சோறு ஆக்கும் பெட்டி என்று மட்டும் நினைத்துப் பழகிவிட்டோம். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதை ஒரு முழு அடுப்பாகவே பாவிக்கலாம். பானையில் தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது. தண்ணீர் வற்றியதும் சூடு சடாரென்று ஏறும், அடியில் இருக்கும் ஒரு காந்தம் அந்தச் சூட்டில் தன் பிடியை விடும், 'டக்' என்று சுவிட்ச் மேலே வரும். அதாவது கஞ்சி, ஆணம், சொதி, அவியல் எல்லாம் இதில் தாராளமாக ஆகும். பொரியல் ஆகாது. தாளிக்க வேண்டுமானால் வெறும் பானையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, சுவிட்சை அழுத்தி, கடுகும் வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டால் இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும், பிறகு அது தானாக அணைந்துவிடும், சற்று ஆறியதும் திரும்ப அழுத்தலாம். சுவிட்சை மேலே வரவிடாமல் தடியோ ரேப்போ வைத்து அமுக்கி வைக்கிற வேலையை மட்டும் யாரும் செய்ய வேண்டாம், ஆபத்து.

முதல் நாள் நாங்கள் செய்தது பருப்பும் பூசணியும் போட்ட சோறு. சொல்லப் போனால் கஞ்சிக்கும் சோற்றுக்கும் நடுவில் ஒன்று. அரைச் சுண்டு அரிசி, ஒரு பிடி மைசூர்ப் பருப்பு, தோலோடு வெட்டிய பூசணித் துண்டு ஆறேழு, உள்ளி மூன்று பல்லு, கீறிய பச்சை மிளகாய் ஒன்று, கொஞ்சம் மஞ்சள், அரைத் தேக்கரண்டி நற்சீரகம், ஒரு துண்டு ரம்பை, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை. அரிசியை அளந்த அதே பேணியால் தண்ணீர், அரிசியைப் போல் நாலு மடங்கு. பானையைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போக அவருக்கு ஏலாது, அதனால் பானை இருந்த இடத்திலேயே இருக்கும், பேணியால் ஊற்றுவார். பேணியில் அரைச் சுண்டு வரும் இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன், கண்ணாடி போடாமலே தெரிகிறது என்றார். பருப்பு கொதிக்கும்போது நுரைத்து மூடிக்கு வெளியே வழியும், அதற்கு ஒரு அகப்பையைக் குறுக்கே வைத்து மூடியைச் சாய்த்து வைக்க வேண்டும். அரை மணித்தியாலத்தில் பூசணி கரைந்து, பருப்பு மசிந்து, எல்லாம் ஒரே மஞ்சளாக வந்தது. பிளக்கைக் கழற்றிய பிறகு ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவும் பாதித் தேசிக்காய்ச் சாறும்.

அதில் உப்பு ஒரு துளியும் இல்லை. பீங்கானில் போட்டு, மேலே மட்டும், இரண்டு விரலால் எடுத்த ஒரு சிட்டிகை தூவினோம். பானைக்குள் போடும் உப்பு கறி முழுக்கப் பரவிக் கரைந்து மறைந்துவிடும், மேலே தூவினால் அது முதலில் நாக்கில் படும், அதனால் கொஞ்சமே போட்டாலும் உப்பு இருக்கிற மாதிரித் தெரியும். பெரியம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வாய்க்குப் பிறகு, "இன்னும் கொஞ்சம் தேசிக்காய் விடு" என்றார்.

அங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. உப்புக் குறைந்தால் நாக்கு உப்பையே தேடும் என்பதில்லை, ஏதாவது ஒன்று எடுப்பாக இருக்க வேண்டும், அது போதும். எங்கள் பக்கச் சமையலில் அதற்கு என்ன குறை? தேசிக்காய், பழப்புளி, கொறுக்காய், மாங்காய், விளாம்பழம் என்று புளிப்பு எத்தனை வகை. வறுத்த நற்சீரகம், மிளகு, வறுத்த செத்தல் மிளகாய், வாட்டிய உள்ளி. ஈரம் போக வறுத்த தேங்காய்ப்பூவின் மணம் ஒன்றே அரைக் கரண்டி உப்புக்குப் பதில் சொல்லும் என்பது என் எண்ணம். தக்காளியை நன்றாகச் சுருள வதக்கினாலும் அந்தக் கனம் வரும். புளியாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், புளியும் உள்ளியும் வெங்காயமும் மிளகும் சீரகமும் போட்ட அந்தத் தண்ணிக் கறிக்கு உப்பை வழக்கத்தில் கால்பங்காக்கினாலும் வாய்க்குப் பெரிதாகத் தெரியாது. பால்சொதி அப்படியில்லை, அதில் உப்பில்லாவிட்டால் சப்பென்றிருக்கும், அதற்குத் தேசிக்காயும் பச்சை மிளகாயும் கூடுதலாக வேண்டும். சில வாரங்கள் பொறுத்தால் நாக்கே மாறிவிடும் என்பதும் உண்மை. முதல் பத்து நாள்தான் பாடு. பெரியம்மாவுக்கு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது, அதற்குப் பிறகு ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து "என்ன இவ்வளவு கரிப்பு" என்று தண்ணீர் கேட்டார்.

மீனுக்கு வருவோம். மட்டக்களப்பில் இருந்துகொண்டு மீன் இல்லாத சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. கடல் மீன் என்றால் உப்பு மீன் என்று சிலர் நினைக்கிறார்கள். பச்சை மீனில் 100 கிராமுக்கு 60 முதல் 100 மிலிகிராம் சோடியம் வரைதான் பொதுவாக இருக்கும், நாள் அளவில் அது மிகக் கொஞ்சம். நண்டிலும் இறாலிலும் அதைவிடக் கூட. ரைஸ் குக்கரோடு வரும் துளைத் தட்டைப் பலர் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள், அதுதான் மீனுக்கு. மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருபவர் வெட்டித் துப்புரவாக்கியே தருவார், இரண்டு துண்டு பாரையோ சூரையோ போதும். மஞ்சள், மிளகு, நசித்த உள்ளி, தேசிக்காய் பூசி, ஒரு துண்டு வாழையிலையில் பொதிந்து வைத்துக்கொள்வது. சோறு கொதித்துத் தண்ணீர் பாதி வற்றும்போது தட்டை மேலே வைத்து அதில் பொதியை வைத்து மூடினால், சோறு ஆகிற நேரத்தில் மீனும் அவிந்துவிடும். ஒரு விரல் தடிப்புக்கு மேல் துண்டு இருக்கக் கூடாது. முள்ளிலிருந்து சதை பிரிந்து வந்தால் வெந்தது. ஒரே பிளக், ஒரே பானை, கழுவ ஒரு தட்டு. தட்டில் மீனுக்குப் பக்கத்தில் பயற்றங்காயோ வெண்டிக்காயோ வைத்தால் மரக்கறியும் ஆயிற்று. மீன் கிடைக்காத நாளில் அதே தட்டில் முட்டையைக் கழுவி வைத்து அவித்துக்கொள்ளலாம்.

கருவாட்டை என்ன செய்வது? உப்பிட்டு உலர்த்திய கருவாட்டில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பாகவே இருப்பது சாதாரணம். 30 கிராம் துண்டு ஒன்றே மூன்று கிராம் உப்பு, ஒரு நாள் அளவில் பாதிக்கு மேல். ஆனால் எழுபது வருடம் கருவாடு சாப்பிட்ட ஒருவரிடம் இனித் தொடாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொன்னாலும் அவர் ஒளித்துச் சாப்பிடுவார். நாங்கள் வைத்த ஒழுங்கு, ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும், பெருவிரல் அளவு ஒரு துண்டு, சுடுதண்ணீரில் ஊறவைத்து இரண்டு தரம் தண்ணீர் மாற்றி, கத்தரிக்காயோடு, அந்தக் கறிக்கு வேறு உப்பே கிடையாது. ஊறவைத்தால் உப்பு முழுக்கப் போகாது, ஆனால் நன்றாகக் குறையும். மாசிக் கருவாட்டையும் அப்படித்தான், சம்பலுக்கு ஒரு சிட்டிகை இடித்துப் போட்டால் மணம் முழுக்க வந்துவிடும், பிடியாக அள்ளிப் போட வேண்டியதில்லை.

காலைச் சாப்பாட்டில் பாணை விடுவதுதான் கடினம் என்று பயந்தேன், அது எதிர்பார்த்ததைவிட லேசாக நடந்தது. பயறு, கௌபி, கடலை இவற்றில் ஒன்றை இரவே ஊறவைத்துவிட்டால் காலையில் குக்கரில் அவிந்துவிடும், மேலே தேங்காய்ப்பூ, பொடியாக வெட்டிய சின்ன வெங்காயம். வத்தாளங்கிழங்குக்கு உப்பே தேவையில்லை. மரவள்ளியை உப்பில்லாமல் அவித்து, உப்பில்லாத சம்பலோடு, அதாவது தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய், வெங்காயம், தேசிக்காய் மட்டும் சேர்த்ததோடு தின்றால் குறை தெரிவதில்லை. குரக்கன் கஞ்சி, முருங்கையிலைக் கஞ்சி, வல்லாரைக் கஞ்சி எல்லாம் ஒரு பானை வேலைதான். பல்லுக் குறைந்தவருக்கு இவைதான் வசதியும். ஏலாத நாளைக்கு ஒரு போத்தலில் சத்துமா, வறுத்த அரிசியும் பயறும் கச்சானும் சேர்த்துத் திரித்தது, கேத்தல் தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் முடிந்தது. நூடுல்ஸ் இருந்த இடத்தில் நாங்கள் வைத்தது இந்தப் போத்தலைத்தான், கையெட்டும் தூரத்தில். சீனி வருத்தம் உள்ளவர்கள் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரவுக்கு இடியப்பம். எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா பின்னேரங்களில் இடியப்பம் அவித்து விற்கிறா. மாவைக் குழைக்கும் தண்ணீரில் உப்புப் போடுவது வழக்கம், பிட்டு மாவுக்கும் அப்படியே. அதன் மேல் சொதியில் உப்பு, சம்பலில் உப்பு, பக்கத்தில் வைக்கும் பொரியலில் உப்பு. நாலு அடுக்கு. இதில் ஒருவர் வாயில் உணர்வது மேலே உள்ள இரண்டைத்தான். மாவில் உப்பில்லாமல் பத்து இடியப்பம் தனியாக அவித்துத் தர முடியுமா என்று அவவிடம் கேட்டேன். தயங்கினா, உடைஞ்சு போகும் என்றா, அடுத்த நாள் அவித்துப் பார்த்துவிட்டு உடையவில்லை என்று அவவே சொன்னா. சமைக்க முடியாதவருக்கு உப்பைக் குறைப்பதில் பாதி வேலை இப்படி வாசலில் நின்று கேட்பதுதான். கடைக்காரரிடமும் கேட்கலாம், பார்சலில் கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் வைக்க வேண்டாம், குழம்பைச் சோற்றில் ஊற்றாமல் தனியே கட்டுங்கள் என்று. தனியே கட்டினால் தேவையான அளவு மட்டும் தொட்டுக்கொள்ளலாம். மிச்சச் சோற்றுக்கு எருமைத் தயிர் இருக்கிறது. மட்டக்களப்பில் அதற்குப் பஞ்சமில்லை, உப்புப் போடாத தயிரில் சோடியம் மிகக் குறைவு, அதில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டுப் பிசைந்தால் வேறு கறியே வேண்டாம்.

பக்கற்றுகளில் பார்க்க வேண்டியது ஒரு நிறம். இலங்கையில் 2019-லிருந்து பொதிசெய்த உணவுகளில் உப்பு, சீனி, கொழுப்புக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் உண்டு. 100 கிராமில் உப்பு 1.25 கிராமைத் தாண்டினால் சிவப்பு. உப்புக்குச் சிவப்பு இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். சூப் கட்டி, சோயா மீற்றோடு வரும் தூள், மாமைட் எல்லாம் உப்புச் சாமான்கள்தான், சோயா மீற்றை அந்தத் தூள் இல்லாமல் நம் கறித்தூளில் சமைக்கலாம்.

இனிக் கவனமாக இருக்க வேண்டிய ஒரு இடம். "உப்புக்குப் பதிலாக" என்று விற்கும் உப்புகளில் சோடியத்தின் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். அது கெட்ட சாமான் இல்லை. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை வைத்து நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், கால்பங்கு பொட்டாசியம் குளோரைட்டு கலந்த உப்பைப் பாவித்தவர்களுக்குப் பாரிசவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் கடுமையான சிறுநீரக வருத்தம் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் உடம்பில் தேங்கும், இதயத் துடிப்பையே குழப்பிவிடும். லொசாட்டன், எனலாபிரில், ஸ்பைரோனோலக்டோன் போன்ற குளிசைகளும் பொட்டாசியத்தைக் கூட்டும், பிரஷர் கிளினிக்கில் இவை சாதாரணமாகக் கொடுபடுபவை. ஆகவே டொக்டரிடம் கேட்காமல் வயதானவருக்கு அந்த உப்பை வாங்கிக் கொடுக்காதீர்கள், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பினாலும். சிறுநீரக வருத்தக்காரருக்கு இளநீரும் அப்படித்தான், அதில் பொட்டாசியம் கூட. இந்துப்பு, கல்லுப்பு பாவித்தால் பிரஷர் வராது என்று சொல்கிறார்களே என்று கேட்பவர்களுக்கு, அவையும் பெரும்பாலும் சோடியம் குளோரைட்டுத்தான், நிறமும் கல்லின் பருமனும்தான் வேறு. அதோடு கடையில் விற்கும் உப்புக்கு அயடீன் சேர்ப்பது இங்கே 1995-லிருந்து சட்டம், கொஞ்ச உப்புப் பாவிப்பவர் அந்தக் கொஞ்சத்தையாவது அயடீன் உள்ளதாகப் பாவிப்பது நல்லது.

ஜீவனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் வெயில் மாதங்களில் களைப்பாக இருக்கிறது என்று பெரியம்மா ஒரு பக்கற் கரைத்துக் குடிப்பார், அதைச் சர்பத் மாதிரி நினைத்திருந்தார். வயிற்றோட்டத்துக்கான மருந்து அது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் கரைத்தால் ஒரு லீற்றரில் 1,700 மிலிகிராமுக்கு மேல் சோடியம், ஒரு நாளைக்கானது கிட்டத்தட்ட அதிலேயே முடிந்துவிடும். வயிற்றோட்டம் வந்தால் கட்டாயம் குடிக்க வேண்டும். வெயில் களைப்புக்குத் தண்ணீர், உப்பில்லாத மோர், தேசிக்காய்த் தண்ணீர் போதும். தண்ணீரில் நுரைத்துக் கரையும் வலிக் குளிசைகளிலும், நெஞ்செரிவுக்குக் கரைத்துக் குடிக்கும் தூளிலும் சோடியம் கணிசமாக உண்டு.

தண்ணீரும் ஒரு விஷயம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊர்க் கிணறுகளில் பல உவர், 2004 சுனாமியில் இன்னும் பல உவராகின. வாயில் கரிப்புத் தெரிகிற தண்ணீரில் சோறாக்கினால் உப்பு அங்கிருந்தும் வரும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கிடைப்பவர்கள் சமையலுக்கும் குடிக்கவும் அதையே பாவிக்கலாம், கிணற்றைக் குளிக்க வைத்துக்கொள்ளலாம்.

அதற்காக உப்பை அடியோடு நிறுத்தவும் கூடாது. சலம் போகக் கொடுக்கும் சில குளிசைகள் குடிக்கும் வயதானவருக்கு இரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கிவிடலாம், தலைசுற்றும், பேச்சுத் தடுமாறும், விழுவார்கள். அதைவிட நான் கூடப் பயப்படுவது வேறொன்றுக்கு. வாய்க்குப் பிடிக்காமல் சாப்பாட்டையே குறைத்துக்கொள்வது. உப்பில்லாத சோற்றை வைத்துவிட்டு வந்து, அவர் அதைத் தின்னாமல் படுத்திருந்தால் அது யாருக்கும் நல்லதில்லை, அந்த வயதில் மெலிவது கெடுதி. அதனால் நாங்கள் ஒரு அளவு வைத்தோம். காலையில் அரைத் தேக்கரண்டி உப்பை, தட்டையாக வழித்து, ஒரு போத்தல் மூடியில் எடுத்து வைப்பார். அன்று முழுக்க எதற்கானாலும் அதிலிருந்துதான். இரவில் மூடியில் மிச்சம் இருந்தால் எனக்குப் போனில் சொல்வார், அதில் அவருக்கு ஒரு சந்தோசம். உப்புப் பக்கற்றில் திறந்த திகதியையும் எழுதி வைத்தோம். அரைத் தேக்கரண்டி ஏறக்குறைய இரண்டரைக் கிராம், 400 கிராம் பக்கற் 160 நாள் வர வேண்டும், முன்னதாக முடிந்தால் எங்கேயோ கூடுகிறது. மாறாக, பக்கற் குறையாமலே இருந்து பிரஷர் ஏறினால் திரும்பவும் பாணும் நூடுல்சும் உள்ளே வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். 2025-ல் நாட்டில் உப்புத் தட்டுப்பாடு வந்து கடை கடையாக ஆட்கள் அலைந்தபோது பெரியம்மாவின் அலுமாரியில் பாதிப் பக்கற் இருந்தது.

இந்த மாதக் கொப்பியில் 142/84. குளிசையும் மாற்றியிருக்கிறார்கள், ஆகவே எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல ஏலாது. கால் வீக்கம் வற்றியிருக்கிறது, பழைய செருப்பு போகிறது.

தனியே இருக்கும் வயதானவரைப் பார்க்கப் போகும்போது நாம் எல்லோரும் கையில் கொண்டுபோவது பிஸ்கட் பெட்டியும் மோல்ட் போத்தலும்தான். என் வீட்டில் இப்போது வேறு ஒழுங்கு. சனிக்கிழமை போகும்போது உரித்த சின்ன வெங்காயம் ஒரு பை, உரித்த உள்ளி, தேசிக்காய் பத்து, வறுத்து இடித்த சீரகமும் மிளகும், துண்டாக வெட்டிய பூசணி. தேங்காயை அங்கேயே போய்த் திருவிக் கொடுப்பேன், குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் சீக்கிரம் பழுதாகிவிடும் என்பதால் மிச்சத்தைக் குக்கர் பானையில் போட்டு ஈரம் போகும் வரை வறுத்துப் போத்தலில் அடைப்போம். உரிப்பதும் திருவுவதும்தான் அவருக்கு ஏலாதவை. மற்றதை அவரே செய்கிறார்.